மருந்துக்குக்கூட ஒரு கரும்புள்ளி இல்லை

அத்தியாயம் 3

பசுமைக்குடிலின் வலது வரிசையில் இருபது மிளகாய்ச் செடிகள் கல்யாணத்துக்குக் கிளம்பியவை மாதிரி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தன. இலைகளில் சுருக்கம் இல்லை, வாட்டம் இல்லை. மருந்துக்குக்கூட ஒரு கரும்புள்ளி இல்லை.

அதுதான் புகார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றான் மாப்பிள்ளை. "செடி எல்லாம் நல்லா இருக்கு. அதனால நீ அழறே. சரிதானே?"

"சரிதான் சார்," என்று மூக்கை உறிஞ்சினாள் ஆராய்ச்சி மாணவி. அவள் கையிலிருந்த கைக்குட்டை, சட்டை, ஜடை எல்லாவற்றிலும் நொச்சி இலை வாசனை அடித்தது.

"அத்தை, நம்ம தொழில்ல கொலை கேஸ் வரும், கொள்ளை கேஸ் வரும். குணமான கேஸ் இப்பதான் முதல் தடவை வருது."

மாப்பிள்ளை என்பது அவன் பெயர் இல்லை; பதவி. பண்பலை வானொலியில் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் ஜவுளிக்கடை விளம்பரம் வாசிக்கும்போது, "இந்தத் துணியில் சாயம் போகவே போகாது, ஏன்னா போறதுக்குச் சாயமே இல்ல" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான். சாயம் போகவில்லை, வேலை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவனுடைய மாமியார் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டு முன்னறையில் ஒரு துப்பறியும் நிலையத்தைத் திறந்திருந்தார். "அம்மாவுக்கு ஒரு ஆள் வேணும், உங்களுக்கு ஒரு வேலை வேணும்" என்று மனைவி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவன் துப்பறியும் உதவியாளன்.

அத்தைக்கு ஒரு பார்வை உண்டு. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, அமைதியாக, 'டிக்கெட்டை எடுங்க' என்று கேட்கிற பார்வை. டிக்கெட் வாங்கியவர்களே அதைக் கண்டு பதறிப்போய் எல்லாப் பையையும் தடவுவார்கள். அத்தைக்கு ஒரு வழக்கமும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'நீங்க, வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். மாப்பிள்ளையின் அனுபவத்தில், அத்தை அளவுக்கு மீறி மரியாதை கொடுத்த நாட்களெல்லாம் அவன் வசமாக மாட்டிக்கொண்ட நாட்கள்.

"மாப்பிள்ளை அவர்கள் கொஞ்சம் திருவாயை மூடிக்கிட்டா, அந்தப் பொண்ணு பேசும்," என்றார் அத்தை.

மாப்பிள்ளை உடனே மூடிக்கொண்டான்.

"இடது பக்கம் இருபது செடி, வலது பக்கம் இருபது செடி," என்று தொடங்கினாள் மாணவி. "ரெண்டு பக்கத்துக்கும் நான்தான் கரும்புள்ளி நோயை வரவெச்சேன். இடது பக்கத்துக்கு மட்டும் நொச்சி இலைச் சாறு தெளிச்சேன். வலது பக்கத்துக்கு வெறும் தண்ணி. சாறு தெளிச்சது தப்பிக்கும், தண்ணி தெளிச்சது நோயில விழும். ரெண்டுக்கும் நடுவுல தெரியற அந்த வித்தியாசம்தாம்மா என்னோட அஞ்சு வருஷம். திங்கக்கிழமை சாயந்திரம் வரைக்கும் வலது பக்கம் பூரா கரும்புள்ளி. எவ்வளவு அழகா வந்திருந்துச்சு தெரியுமா! செவ்வாய்க்கிழமை காலைல வந்து கதவைத் திறந்தா, எல்லாம் இப்படி நிக்குது."

"வெறும் தண்ணியிலேயே குணமாகும்னா உன் சாறு எதுக்குன்னு கேப்பாங்க," என்றார் அத்தை.

"அதைத்தான் கேக்கறாங்க! ஆனா குணமாகவே முடியாதும்மா. புள்ளி விழுந்த இடம் செத்த இடம். திரும்பப் பச்சை ஆகாது. நோய் முத்தினா இலை உதிரும், அவ்வளவுதான். இங்க உதிர்ந்த இலை ஒண்ணுகூட இல்ல. இது என் செடியே இல்ல. யாரோ மாத்திட்டாங்க. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. 'பூட்டு உடையல, தொட்டி குறையல, உன் கையெழுத்து போட்ட அடையாளக் குச்சிகூட அப்படியே சொருகியிருக்கு, சோதனை ஊத்திக்கிச்சுன்னு கதை விடறியா'ன்னு கேக்கறாங்க."

கதவுப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் வந்துகொண்டிருந்தார். புதுச் சட்டை, புதுச் செருப்பு. சட்டையின் கைமடிப்பில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் அப்படியே இருந்தது.

"நீங்கதான் துப்பறியறவங்களா? போலீஸைக் கூப்பிட்டா பேப்பர்ல வந்துடும். உங்களைக் கூப்பிட்டா யாருக்கும் தெரியாதுன்னு சொன்னாங்க."

"எங்களையே யாருக்கும் தெரியாது சார், அதான்," என்றான் மாப்பிள்ளை. "போன்ல 'இயக்குநர் பேசறேன்'னு சொன்னதும் சினிமான்னு நினைச்சு நான் தலையெல்லாம் வாரிட்டு வந்தேன்."

இயக்குநருக்குச் சிரிக்க நேரமில்லை. "மூணு மணிக்கு நிபுணர் குழு வருது. தலைவர் அம்மா லேசுப்பட்டவங்க இல்ல, பெரும்புள்ளி. நம்ம நிலையத்து பேர்ல ஒரு கரும்புள்ளிகூட இருக்கக் கூடாதுன்னு இந்த வாரம் பூரா எல்லார்கிட்டயும் தலைதலையா அடிச்சுக்கிட்டிருக்கேன். இந்தப் பொண்ணு என்னடான்னா திருட்டு, புரட்டுங்குது. இதோ பாரும்மா, மூணு மணிக்குள்ள அந்த நோய்ச்செடியை என் கண்ணுல காட்டு, நம்பறேன். இல்லேன்னா சோதனை தோத்துப்போச்சுன்னு நானே சொல்லிடுவேன். ஆராய்ச்சியை இழுத்து மூடிட்டு, இந்தக் குடிலை டப்பா டாக்டருக்குக் குடுத்துடுவேன்."

மாணவியின் கண் மறுபடியும் தளும்பியது.

"அழாதே! அழாதே! மூணு நாளா எனக்கு இதே பிழைப்பாப் போச்சு. வீட்டுக்குப் போனா என் சம்சாரம் கைராசி போச்சு, கைராசி போச்சுன்னு மூக்கைச் சிந்தறா. இங்க வந்தா நீ." செருப்பு கடிக்க, நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

"அவங்களுக்கு என்ன கைராசி போச்சாம்?" என்றார் அத்தை.

"சார் எங்க காது குடுத்துக் கேட்டிருப்பாரு?" என்றாள் மாணவி.

அத்தை தலையாட்டிவிட்டு வலது வரிசைக்குப் போனார். செடியைப் பார்க்கவே இல்லை. விரலைத் தொட்டி மண்ணுக்குள் விட்டு ஒரு கிண்டு கிண்டினார். விரலோடு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். பிறகு இடது வரிசையில் ஒரு தொட்டியிலும் விரலை விட்டார். அங்கே சுத்தமான மண் மட்டும்தான் இருந்தது.

"தங்கம், இந்த மண்ணுல என்ன போடுவே?"

"ஒண்ணும் போட மாட்டேம்மா. மண்ணை நல்லா ஆவியில வேகவெச்சு, வேற எந்தக் கிருமியும் இல்லாம ஆக்கித்தான் தொட்டியில நிரப்புவேன்."

"மண்ணையே வேகவெப்பீங்களா?" மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. "எங்க வீட்ல சோறே சரியா வேகாது."

அத்தை திரும்பினார். "நம்ம வீட்ல யாருங்க மாப்பிள்ளை சமைக்கிறது?"

"நான்தான் அத்தை."

"அப்ப சரி." அத்தை கையை நீட்டினார். உள்ளங்கையில் முட்டை ஓட்டின் துண்டுகள், கூடவே கருப்பாகக் கொஞ்சம் தேயிலைச் சக்கை. "வேகவெச்ச மண்ணுல ஆம்லெட்டும் டீயும் எங்கேருந்து வந்துச்சு?"

மாணவி ஓடிவந்து பார்த்தாள். அடுத்த தொட்டியைக் கிண்டினாள். முட்டை ஓடு. அதற்கடுத்த தொட்டியிலும் முட்டை ஓடு, தேயிலை. சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சலில் குடிலின் கூரையே அதிர்ந்தது. "நான் சொன்னேன்ல! என் செடி இல்லேன்னு சொன்னேன்ல!"

"கண்டுபிடிச்சாச்சு!" என்று மாப்பிள்ளையும் கத்தினான். "இந்தக் கட்டடத்துல டீயும் முட்டையும் சாப்பிடற ஆளைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சுது. யாரும்மா அது?"

மாணவி தயங்கினாள். "டப்பா டாக்டர் மத்தியானத்துல அவிச்ச முட்டை சாப்பிடுவாரு. ஆனா..."

ஆனாவுக்கு அப்புறம் என்ன என்று கேட்க மாப்பிள்ளை அங்கே இல்லை.

டப்பா டாக்டர் என்பவர் டப்பாவில் அடைத்து விற்கிற ரசாயன மருந்துகளைச் சோதிக்கிறவர். மாணவியின் சாறு ஜெயித்தால் அவருடைய டப்பாவுக்கு மவுசு குறையும். மாணவி தோற்றால் அவருக்கு ஒரு பசுமைக்குடில் இலவசம். காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. மாப்பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் டீ, மறு கையில் பாதி உரித்த முட்டையுமாக இருந்தார்.

"கையும் முட்டையுமா பிடிச்சாச்சு!" என்றான் மாப்பிள்ளை.

டாக்டர் முட்டையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

பின்னாலேயே மாணவியோடு வந்த அத்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் வெளுத்தது. முட்டை தட்டில் விழுந்தது.

"குணமாயிடுச்சா? அந்தத் தண்ணி வரிசையா? ஐயோ! எனக்குச் சொல்லவே இல்லையே!" தலையில் கை வைத்துக்கொண்டார். "பக்கத்துக் குடில்ல என் டப்பா மருந்தையும் அதே நோய்க்குத்தான் சோதிக்கிறேன். எனக்குத் தனியா தண்ணி வரிசை கிடையாது, இடமில்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா அந்த இருபது செடியை வெச்சுத்தான் ஒப்பிட்டுக் காட்டறதா ஏற்பாடு. அது குணமானா அவளுக்கு மட்டும் இல்லைங்க, எனக்கும் சேர்த்து சங்குதான்."

மாப்பிள்ளையின் தோள் இறங்கியது. எதிரியே மாணவியோடு சேர்ந்து அழுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"டாக்டர் சார்," என்றார் அத்தை, "இதே ரகம், இதே வயசு, இதே உசரம். இப்படி இருபது செடி வேற எங்க கிடைக்கும்?"

"வெளியில எங்கயும் கிடைக்காது. அந்தப் பொண்ணு ஒரே நாள்ல விதைச்ச நாத்து. தேவைக்குப் போக மிஞ்சினதைத் தூக்கிப் போட மனசு வரல அவளுக்கு. வெள்ளையடிதான் தொட்டியில வெச்சு வண்டியில ஏத்திட்டுப் போனாரு. எங்க போச்சோ தெரியாது."

மாணவியும் ஆமாம் என்று தலையாட்டினாள். "'நல்ல இடத்துல குடுத்துடறேன் தங்கச்சி'ன்னு வாங்கிட்டுப் போனாரு. நான் அதோட மறந்தே போயிட்டேன்."

வெள்ளையடி என்பது நிலையத்தின் தோட்ட மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். பெரிய மனிதர்கள் யாராவது வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிடுவார். நகராத பொருள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்பார். அன்றைக்கு அவரைத் தேடுவது சிரமமாக இல்லை. பாதையோரக் கல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது. மரமெல்லாம் இடுப்பு வரை வெள்ளை. வெயிலுக்கு அசையாமல் படுத்திருந்து ஏமாந்துபோன நாய் ஒன்று, பாதி வால் வெள்ளையாக எதிரே வந்தது. அது வந்த திசையில் போனார்கள்.

அவர் கொடிக்கம்பத்துக்கு அடியில் குந்தியிருந்தார். முறுக்கிவிட்ட மீசை. அதிலும் ஒரு பொட்டு வெள்ளை.

"அண்ணே, மிச்ச மிளகாய் நாத்தை எந்த நல்ல இடத்துல குடுத்தீங்க?" என்றாள் மாணவி.

பிரஷ் நின்றது. "எந்த நாத்து?"

அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். மனிதரின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. காலிப் பை என்று தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இதோ பாருங்கம்மா, நான் உத்தரவை நிறைவேத்தறவன். பெரும்புள்ளி வர்றாங்க, நம்ம நிலையத்துல ஒரு கரும்புள்ளிகூட இருக்கக் கூடாதுன்னு சார் உத்தரவு. இருக்கா? மூலை முடுக்கெல்லாம் தேடிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா, இந்த மீசையை எடுத்துடறேன்!"

அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தார். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினான். வருஷக்கணக்காக மைக்குக்கு முன்னால் வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைத்த காது அவனுடையது. அந்தக் காதில் ஏதோ ஒன்று நறுக்கென்று மாட்டிக்கொண்டது.

"அத்தை," என்றான் மெதுவாக. "டைரக்டர் என்ன சொன்னாரு? 'நிலையத்து பேர்ல ஒரு கரும்புள்ளிகூட இருக்கக் கூடாது.' அதாவது கெட்ட பேர் வந்துடக் கூடாது. ஊர்ல யார் காதுல விழுந்தாலும் அதுக்கு அதுதான் அர்த்தம். இந்த ஒரு இடத்துல மட்டும்..."

"கரும்புள்ளின்னா நோய்!" என்று மாணவி அலறினாள்.

"இடத்துல இருந்த கரும்புள்ளியை எல்லாம் அண்ணன் பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்திட்டாரு. நல்லா இருந்த இடது வரிசையைத் தொடவே இல்ல. திருடனா இருந்தா சாறு அடிச்ச செடியைத் திருடியிருப்பான். இது திருட்டு இல்ல அத்தை, இது துப்புரவுப் பணி!"

வெள்ளையடிக்குப் பெருமை தாங்கவில்லை. பிடிபட்ட குற்றவாளியின் முகம் இல்லை அது. யாராவது கவனிக்க மாட்டார்களா என்று மூன்று நாளாகக் காத்திருந்தவரின் முகம். "சார் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நான் குறிப்பால புரிஞ்சுக்கிட்டேன். ராத்திரியோட ராத்திரியா என்கிட்ட இருக்கற சாவியால குடிலைத் திறந்து தொட்டியை மாத்தி, குச்சியைக்கூட ஞாபகமா எடுத்துச் சொருகினேன். தங்கச்சி, உனக்கும்தானே நல்லது? வர்றவங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குமே. அவங்க கிளம்பினதும் பழையபடி வெச்சுடுவேன்."

மாணவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

"இப்ப அந்தச் செடி எங்கண்ணே?" என்றார் அத்தை.

"அது மேலிடத்து ரகசியம்."

"டைரக்டரே வந்து கேட்டா சொல்வீங்களா?"

"அவர் எதுக்குக் கேக்கறாரு? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! கேட்டாருன்னா என்னைச் சோதிக்கிறாருன்னு அர்த்தம். அப்பவும் சொல்ல மாட்டேன்."

"பத்திரமாவாவது இருக்கா?"

"மேலிடத்துல இருக்கறதுக்கு என்னம்மா குறைச்சல்? வெயிலும் காத்துமா சௌக்கியமா இருக்கு."

மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயில் பக்கம் யாரோ ஓடுவது தெரிந்தது. மாணவி வெள்ளையடியின் கையைப் பிடித்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். அத்தை மட்டும் அசையாமல் நின்று, கையிலிருந்த முட்டை ஓட்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"முட்டை ஓடும் டீத்தூளும் ஆபீஸ்ல விழற குப்பை இல்ல மாப்பிள்ளை. பாத்துப் பாத்து நுணுக்கிச் செடிக்குப் போட்டிருக்கு. சமையலறை உள்ள வீடு. செடியைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற கை." அத்தை நிமிர்ந்தார். "அந்தக் கைக்கு மூணு நாளா என்னவோ ஆயிடுச்சு."

மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். "கைராசி! டைரக்டர் சம்சாரம்!"

"வெயிலும் காத்தும் வர்ற மேல் இடம். மொட்டைமாடி! இங்க இருபது செடி குணமாச்சுன்னா, எங்கயோ இருபது செடி படுத்திருக்கணும். ஓடுங்க மாப்பிள்ளை!"

இயக்குநரின் வீடு அந்த வளாகத்துக்குள்ளேயே, தோப்புக்குப் பின்னால் இருந்தது. நால்வரும் ஓடினார்கள். வெள்ளையடியும்தான், ரகசியம் வெளியே போனாலும் அவர் வாயிலிருந்து போகவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. மாடிப்படியில் அத்தை மாப்பிள்ளையை முந்தினார். ஓடுகிற ரயிலில் பெட்டி விட்டுப் பெட்டி தாவிய கால்கள் அவை.

மாடியில் ஒரு அம்மாள் சாக்கைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. ஒரு மிளகாய்ச் செடியின் கழுத்தைப் பிடித்து வேரோடு பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று நான்கு பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

அந்த அம்மாள் பயந்துபோய்ச் செடியை விட்டார். சுற்றிலும் இருபது தொட்டிகள். கரும்புள்ளி விழாத இலை ஒன்றுகூட இல்லை. சில இலைகள் புள்ளியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் தொங்கின.

"என் செல்லங்களா!" என்று மாணவி பாய்ந்துபோய் முதல் தொட்டியைக் கட்டிக்கொண்டாள். "நல்லா இருக்கீங்களா? நோய் அப்படியே இருக்கா? அம்மாடி, அப்படியே இருக்கு!"

இயக்குநரின் மனைவி மாப்பிள்ளையிடம் கேட்டார். "இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"

"இவளுக்கு ஒண்ணும் இல்லம்மா, செடிக்குத்தான்," என்றான் மாப்பிள்ளை. "அதனாலதான் சந்தோஷப்படறா."

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் மண் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த முகத்தில் விளக்கு எரிந்தது.

"அப்ப இது என் செடியே இல்லையா? நான் எது வெச்சாலும் துளிர்க்கும்னு ஊர்ல பேர் வாங்கினவ. மூணு நாளா சோறு இறங்கல எனக்கு. போட்ட முட்டை ஓட்டைக்கூடக் காணோம், காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு நினைச்சேன். என் செடி நல்லா இருக்கா?"

"உங்க செடி இருக்கற அழகைப் பாத்துதாம்மா அங்க ஒரு ஆராய்ச்சியே படுத்துடுச்சு," என்றான் மாப்பிள்ளை.

அந்த அம்மாள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார். "இதையெல்லாம் எப்ப கொண்டுபோகணும்?"

கீழே, வாயில் பக்கம் இரண்டு கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது.

"இப்பவே," என்றாள் மாணவி, குரல் எழும்பாமல்.

அடுத்த சில நிமிஷங்களில் நடந்ததை மாப்பிள்ளையால் பிற்பாடு கோவையாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் இயக்குநரின் அலுவலகக் கார் நின்றது. ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப்பட்டபோது அவர் மடியில் ஒரு தொட்டி இருந்தது. பின் டிக்கியில் ஆறு, பின் இருக்கையில் எட்டு, மிச்சம் யார் யார் மடியிலோ. ஜன்னலுக்கு வெளியே நோய்ச்செடிகள் தலையை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. "இலை உதிரக் கூடாது, மெதுவா!" என்று மாணவி கத்தினாள். "மூணு மணி ஆச்சு, சீக்கிரம்!" என்று முன் இருக்கையிலிருந்து இயக்குநரின் மனைவி கத்தினார். ஓட்டுநர் இரண்டையும் செய்ய முயன்றார். மாப்பிள்ளையின் மூக்குக்குள் ஒரு மிளகாய் இலை போய்விட்டுப் போய்விட்டு வந்தது.

பசுமைக்குடிலுக்குள் நிபுணர் குழு நுழைந்திருந்தது. பெரும்புள்ளி என்பவர், இயக்குநரின் தோள் உயரம்கூட இல்லாத, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வெள்ளையடித்த கல்லையோ மரத்தையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வலது வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பாருங்க மேடம்," என்றார் இயக்குநர். "ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் எவ்வளவு ஆரோக்கியமா..."

"அதைத்தான் பாக்கறேன். நான் ஊரைத் தாண்டி வந்தது ஆரோக்கியத்தைப் பாக்கறதுக்கா? நோய் எங்க சார்?"

இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். "வந்து... சோதனை கொஞ்சம் தோத்து..."

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு, இரண்டு கையிலும் இரண்டு நோய்ச்செடியுமாக அவருடைய மனைவி இறங்கினார்.

"என்னங்க," என்றார் இனிமையாக. "நீங்க வேண்டாம்னு சொன்ன கரும்புள்ளியெல்லாம் நம்ம வீட்ல பத்திரமா இருந்துச்சு. கொண்டாந்திருக்கேன்."

இயக்குநர் மனைவியைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். பின்னால் தொட்டியோடு சலாம் வைத்து நின்ற வெள்ளையடியைப் பார்த்தார். அவரோ கண்ணடித்தார். அத்தை இரண்டே வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தார். இயக்குநரின் வாய், தண்ணீரிலிருந்து எடுத்த மீன் மாதிரி திறந்து திறந்து மூடியது.

குழுத் தலைவி இதெதையும் கவனிக்கவில்லை. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு இலையைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "அடேயப்பா, எவ்வளவு நல்லா விழுந்திருக்கு!" பிறகு சாறு தெளித்த இடது வரிசைக்குத் தவழ்ந்தே போனார். ஒரு இலை, இன்னொரு இலை, அடுத்த செடி. திரும்பி வந்தார். மறுபடியும் போனார். மாணவியின் கைக்குட்டை கயிறாக முறுக்கேறியிருந்தது.

"மூணு நாள் மாடியில இருந்ததை நான் அறிக்கையில எழுதித்தான் ஆகணும்," என்றார் தலைவி. "இதை அப்படியே முடிவா எடுத்துக்க முடியாது. இன்னொரு தடவை முதல்லேருந்து செஞ்சு காட்டணும்."

மாணவி தலையைக் குனிந்தாள்.

"ஆனா இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பாத்ததுக்கு அப்புறம் இந்த ஆராய்ச்சியை எவனாவது மூடுவானா? குடில் உன்னோடதுதான். இன்னொரு குடிலும் வாங்கித் தரச் சொல்லு, தண்ணி வரிசையைத் தனியா வெச்சுக்க. பூட்டுச் சாவியை நீயே வெச்சுக்க." அவர் மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் கையை மோந்து பார்த்துச் சிரித்தார். "நொச்சி!"

மாணவி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். டப்பா டாக்டர் வாசலில் நின்று கைதட்டினார், உரித்த முட்டை கையில் இருந்ததால் சத்தம் வரவில்லை. இயக்குநரின் மனைவி தன் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கைராசி எங்கேயும் போகவில்லை என்று ஊர்ஜிதம் செய்துகொண்டிருந்தார்.

இயக்குநர் அத்தையை ஓரமாக அழைத்தார். "அப்ப... குற்றவாளின்னு யாரை எழுதப் போறீங்க?"

அத்தை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இயக்குநரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"யாரையும் எழுதல சார். வீட்ல அவங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் இனிமே காது குடுத்துக் கேளுங்க. மூணு நாள் முன்னாடியே கேட்டிருந்தா எங்க செலவே உங்களுக்கு மிச்சம்."

வெளியே வந்தபோது பாதையெல்லாம் கல் பளபளத்தது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மாப்பிள்ளையின் தலைமுடியில் இரண்டு நோய்பிடித்த இலைகள் ஒட்டியிருந்தன. அத்தை திடீரென்று நின்று, அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"கரும்புள்ளின்னா நோய்! எப்படிடா உனக்குத் தோணுச்சு? கெட்டிக்காரன்டா நீ!"

சொன்ன வேகத்திலேயே அத்தைக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு மிளகாய் இலை காரணம் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை, ஏதோ சந்தோஷத்துல வாய் தவறி..."

"ஐயோ அத்தை," என்றான் அவன். "வேணும்னா முட்டையைக்கூட நானே அவிச்சுத் தர்றேன். அந்த 'டா'வை மட்டும் திரும்ப வாங்கிடாதீங்க."